குறைந்த பிட் வீதத்தில் பேச்சு: ஜி.723.1 தரநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைபேசிக் கம்பி வழியாகவும் இணையம் வழியாகவும் குரலையும் படத்தையும் சேர்த்து அனுப்புவதற்கென 1990களில் உருவான பேச்சுக் குறியாக்கத் தரநிலைகளைப் பற்றி மாணவர்களும், தொலைபேசி வலையமைப்பையும் இணையத்தையும் இணைக்கும் பழைய கேட்வே கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஜி.723.1 என்ற ஒரு தரநிலையையே மையமாக வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பிட் வீதத்தை (நொடிக்கு எத்தனை பிட் என்பதை) மட்டும் பார்த்து ஒரு கோடெக்கை, அதாவது பேச்சைச் சுருக்கி மறுமுனையில் விரிக்கும் முறையை, மதிப்பிடக் கூடாது என்பதை இத்தரநிலையைக் கொண்டு விளக்குவது எளிது.

“குறைந்த பிட் வீதம்” என்று இங்கே எந்த அளவைச் சொல்கிறார்கள்?

1990களின் நடுப்பகுதியில் வீட்டுத் தொலைபேசி இணைப்பில் ஒரு மோடம் கடத்தக்கூடிய அளவைத்தான். 1994இல் வெளியான வி.34 மோடம் தரநிலை நொடிக்கு 28.8 கிலோபிட் வரை தந்தது. பின்னர் அது 33.6 கிலோபிட் ஆனது. இந்த ஒற்றை இணைப்பிலேயே குரல், நகரும் படம், கட்டுப்பாட்டுச் செய்திகள், தேவைப்பட்டால் தரவு என அனைத்தும் செல்ல வேண்டும் என்ற நோக்குடன் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐ.டி.யு.) எச்.324 என்ற முனையத் தரநிலையை வகுத்தது. அதன் கீழ் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பரிந்துரை உண்டு: படத்துக்கு எச்.263, ஓடைகளை ஒன்றிணைக்க எச்.223, கட்டுப்பாட்டுக்கு எச்.245, பேச்சுக்கு ஜி.723.1.

பேச்சை அப்படியே இலக்கமாக்கி அனுப்பினால் என்ன?

இடம் போதாது. வழக்கமான தொலைபேசிப் பேச்சு நொடிக்கு 8,000 மாதிரிகளாக எடுக்கப்பட்டு, மாதிரிக்கு 8 பிட் வீதம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகிறது. 1972இல் வந்த ஜி.711 செய்வது இதுதான். 28.8 கிலோபிட் இணைப்பில் அந்தக் குரல் மட்டுமே இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். படத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பின்னர் வந்த ஜி.726 அதே பேச்சை 32 கிலோபிட்டுக்கும், 1992இல் வந்த ஜி.728 அதை 16 கிலோபிட்டுக்கும் இறக்கின. 16 கிலோபிட் கூட இணைப்பின் பாதிக்கும் மேல்தான். ஆகவே 6 கிலோபிட்டை ஒட்டிய ஒரு கோடெக் தேவைப்பட்டது.

ஜி.723 என்பதும் ஜி.723.1 என்பதும் ஒன்றா?

இல்லை. ஜி.723 என்பது 1980களில் வந்த, 24 மற்றும் 40 கிலோபிட்டில் இயங்கிய வேறொரு முறை. அது பின்னர் ஜி.726க்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. 1996இல் வெளியான ஜி.723.1 முற்றிலும் வேறு வகைக் கோடெக், 5.3, 6.3 கிலோபிட் என்ற இரு வீதங்கள் அதற்கு உண்டு. நடைமுறையில் பலர் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு “ஜி.723” என்றே எழுதுகிறார்கள். இணையத்தில் குரலை நேரலையாகக் கடத்தும் ஆர்.டி.பி. நெறிமுறையின் நிலையான கோடெக் பட்டியலிலும் 4ஆம் எண்ணுக்கு நேரே “ஜி723” என்றுதான் இருக்கிறது. அங்கே குறிக்கப்படுவது ஜி.723.1தான். பழைய கருவியின் கையேட்டைப் படிக்கும்போது பிட் வீதத்தைப் பார்த்து எது என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

இவ்வளவு குறைந்த பிட்டில் பேச்சு எப்படி அடங்குகிறது?

ஒலி அலையின் வடிவத்தை அனுப்பாமல், அந்த ஒலியை உண்டாக்கும் முறையை அனுப்புவதால் அடங்குகிறது. மனிதப் பேச்சை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். குரல்நாண்களின் அதிர்வோ மூச்சின் உரசலோ தரும் தூண்டல் ஒன்று. அந்தத் தூண்டலுக்கு வடிவம் கொடுக்கும் தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வடிகட்டல் மற்றொன்று. வாயின் வடிவம் மாதிரிக்கு மாதிரி மாறுவதில்லை. சில பத்து மில்லி நொடிகளுக்கு ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. ஆகவே அந்த வடிகட்டியைச் சில எண்களால் விவரித்து, தூண்டலைத் தனியே சிக்கனமாகச் சொன்னால், கேட்கும் முனையில் பேச்சை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

வடிகட்டியை விவரிக்கும் வழி நேரியல் முன்கணிப்பு எனப்படுகிறது. கடந்த பத்து மாதிரிகளைக் கொண்டு அடுத்த மாதிரியைக் கணிக்க முயல்வதும், அந்தக் கணிப்புக்கு உதவும் பத்து கெழுக்களைக் கண்டுபிடிப்பதும் இதன் உள்ளடக்கம். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் இட்டாகுராவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் தனித்தனியே இதைப் பேச்சுக்குப் பயன்படுத்தினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அங்கேயே பாடமும் நடத்திய பின் அமெரிக்கா சென்றவர் அடல். 1982இல் அவரும் ரெம்டியும் பல்துடிப்புத் தூண்டல் என்ற கருத்தையும், 1985இல் அவரும் ஷ்ரோடரும் செல்ப் எனப்படும் கோட்புக் (தூண்டல்களின் அட்டவணை) தூண்டல் முறையையும் முன்வைத்தார்கள். ஜி.723.1இன் இரு வீதங்களும் இந்த இரு கருத்துகளின் வழித்தோன்றல்களே.

“பகுத்தறிய மறுபடி உருவாக்கு” என்பதே இரண்டுக்கும் பொதுவான அணுகுமுறை. அனுப்பும் முனையில் உள்ள குறியாக்கி, ஒவ்வொரு சாத்தியமான தூண்டலையும் வடிகட்டி வழியே செலுத்திப் பேச்சாக மாற்றிப் பார்க்கிறது. அசலுக்கு எது மிக நெருக்கமாக ஒலிக்கிறதோ அதன் எண்ணை மட்டும் அனுப்புகிறது. “நெருக்கம்” என்பது இங்கே வெறும் கணித வேறுபாடு அன்று. வலுவான அதிர்வெண்களுக்கு அருகில் உள்ள பிழையைக் காது பொறுத்துக்கொள்ளும், மெலிந்த அதிர்வெண்களில் உள்ள பிழையை அது உடனே கண்டுகொள்ளும் என்பதைக் கணக்கில் கொண்ட ஓர் எடைவடிகட்டி இந்த ஒப்பீட்டின் நடுவே வைக்கப்பட்டுள்ளது. குறைந்த பிட்டில் கேட்கத்தக்க பேச்சு கிடைப்பதற்குக் கெழுக்களைச் சுருக்குவதைவிட இந்த எடைவடிகட்டி குறைவாக உதவுகிறது என்று நான் கருதவில்லை.

ஒரு ஃபிரேமுக்குள் பிட்கள் எப்படிப் பங்கிடப்படுகின்றன?

இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் தரநிலையை வகுத்தவர்கள் ஒரு பிட்டைக்கூட வீணாக்காமல் இருக்க எவ்வளவு உழைத்தார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது.

பேச்சைத் துண்டு துண்டாக எடுத்துக் குறியாக்குகிறார்கள்; அப்படி ஒரு துண்டே ஃபிரேம். ஜி.723.1இல் ஒரு ஃபிரேம் 30 மில்லி நொடி, அதாவது 240 மாதிரிகள். அது 60 மாதிரிகள் கொண்ட நான்கு துணை ஃபிரேம்களாகப் பிரிக்கப்படுகிறது. வடிகட்டிக் கெழுக்கள் ஒவ்வொரு துணை ஃபிரேமுக்கும் கணக்கிடப்பட்டாலும், கடைசித் துணை ஃபிரேமின் கெழுக்கள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. மற்ற மூன்றுக்கும் உரியவற்றை முந்தைய ஃபிரேமுக்கும் இதற்கும் இடையே இடைக்கணிப்புச் செய்து பெறுகிறார்கள். அனுப்பும்போதும் கெழுக்களை நேரடியாக அனுப்பாமல், இட்டாகுரா 1975இல் முன்வைத்த நிறமாலைக் கோட்டு இணைகளாக மாற்றி, அந்தப் பத்து எண்களை மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் 256 பதிவுகள் கொண்ட அட்டவணையிலிருந்து ஒரு எண்ணைத் தேர்கிறார்கள். மூன்று பிரிவுக்கும் சேர்த்து 24 பிட்.

அடுத்தது சுருதி. குரல்நாண் அதிர்வு எத்தனை மாதிரிகளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்ற இடைவெளி, ஏறத்தாழ 18 மாதிரி முதல் 142 மாதிரி வரை தேடப்படுகிறது. அதிர்வெண்ணாகச் சொன்னால் சுமார் 56 முதல் 444 ஹெர்ட்ஸ் வரை. தடித்த ஆண் குரலும் சிறுகுழந்தையின் குரலும் இதற்குள் அடங்கிவிடும். முதல், மூன்றாம் துணை ஃபிரேம்களில் இந்த இடைவெளி 7 பிட்டில் முழுமையாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம், நான்காம் துணை ஃபிரேம்களிலோ முந்தையதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும் 2 பிட்டில் சொல்லப்படுகிறது. மொத்தம் 18 பிட். ஒலியளவைக் குறிக்கும் பெருக்கங்களுக்குத் துணை ஃபிரேமுக்கு 12 வீதம் 48 பிட்.

இதுவரை உள்ள 90 பிட்களும் இரு வீதங்களுக்கும் பொது. மிச்சமுள்ள தூண்டலைச் சொல்வதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. 6.3 கிலோபிட் வீதத்தில் ஒரு துணை ஃபிரேமின் 60 இடங்களில் ஒற்றைப்படை இடங்களா இரட்டைப்படை இடங்களா என்பதை ஒரு பிட் தீர்மானிக்கிறது. எஞ்சும் 30 இடங்களுக்குள் ஆறு துடிப்புகள் அல்லது ஐந்து துடிப்புகள் மாறி மாறி வைக்கப்படுகின்றன. 30 இடங்களில் ஆறைத் தேர்ந்தெடுக்க 5,93,775 வழிகள் உள்ளன, அதற்கு 20 பிட் வேண்டும். ஐந்தைத் தேர்ந்தெடுக்க 1,42,506 வழிகள், அதற்கு 18 பிட் வேண்டும். நான்கு துணை ஃபிரேம்களையும் தனித்தனியே எழுதினால் 76 பிட் ஆகும். ஆனால் அந்த எண்களின் உயர் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதினால் 73 பிட்டே போதும் என்று கண்டு, தரநிலையை வகுத்தவர்கள் அப்படியே செய்தார்கள். துடிப்புகளின் குறிகளுக்கு 22 பிட்டும், ஒற்றை இரட்டைத் தேர்வுக்கு 4 பிட்டும் சேர, ஒரு ஃபிரேம் 189 பிட் ஆகிறது. 30 மில்லி நொடிக்கு 189 பிட் என்றால் நொடிக்குச் சரியாக 6,300 பிட்.

5.3 கிலோபிட் வீதத்தில் துணை ஃபிரேமுக்கு நான்கே துடிப்புகள். அவை எங்கே நிற்கலாம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட பாதைகளுக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இயற்கணிதக் கோட்புக் முறை இதற்கு அடிப்படை. இடங்களுக்கு 48, குறிகளுக்கு 16, ஒற்றை இரட்டைத் தேர்வுக்கு 4 என, ஃபிரேம் மொத்தம் 158 பிட்.

பைட் கணக்கில் பார்த்தால் 6.3க்கு 24 பைட், 5.3க்கு 20 பைட் என்கிறார்களே, கணக்கு பொருந்தவில்லையே?

பொருந்துகிறது. ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் அது எந்த வகை என்று சொல்லும் இரண்டு பிட்கள் சேர்க்கப்படுகின்றன. முதல் பைட்டின் கடைசி இரு பிட்களைப் பார்த்தால் போதும்: 00 என்றால் 6.3 கிலோபிட், 24 பைட். 01 என்றால் 5.3 கிலோபிட், 20 பைட். 10 என்றால் மௌன ஃபிரேம், 4 பைட். 189உடன் இரண்டு சேர்ந்து 191. ஒரு பிட் சும்மா விடப்பட்டு 192, அதாவது 24 பைட். 158உடன் இரண்டு சேர்ந்து சரியாக 160, அதாவது 20 பைட். பாக்கெட்டைப் பிடித்துப் பிரித்துப் பார்க்கும் பொறியாளர் வேறு எந்தத் தகவலும் இல்லாமலே முதல் பைட்டைக் கொண்டு வீதத்தைக் கண்டுவிடலாம்.

ஏன் இரண்டு வீதங்கள்?

6.3 சற்று நல்ல ஒலி தரும், 5.3 படத்துக்கு நொடிக்கு ஆயிரம் பிட் கூடுதலாக விட்டுக்கொடுக்கும். எந்த 30 மில்லி நொடி எல்லையிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம் என்பதும், இரண்டையும் செயற்படுத்துவது கட்டாயம் என்பதும் தரநிலையின் விதிகள். 28.8 கிலோபிட் இணைப்பில் பேச்சு 6.3 எடுத்துக்கொண்டால் மிச்சம் 22.5 கிலோபிட், அதிலும் ஓடைகளை ஒன்றிணைக்கும் செலவு போக, 176க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறிய படத்தை எச்.263 நகர்த்திக்காட்ட வேண்டும். அங்கே ஆயிரம் பிட்டுக்கு உண்மையான மதிப்பு உண்டு.

30 மில்லி நொடி என்பது நீளமான ஃபிரேம் இல்லையா? தாமதம் அதிகமாகாதா?

நீளம்தான், தாமதமும் அதிகமாகத்தான் செய்யும். 30 மில்லி நொடி ஃபிரேம், அதற்கு மேல் கடைசித் துணை ஃபிரேமின் கெழுக்களைக் கணக்கிட முன்னோக்கிப் பார்க்கும் 7.5 மில்லி நொடி, ஆக 37.5 மில்லி நொடி என்பது எந்தக் கணினியாலும் குறைக்க முடியாத தாமதம். கணக்கிடும் நேரமும் கடத்தும் நேரமும் இதற்கு மேல். ஒப்பிட்டால், ஜி.728இன் அடிப்படை அலகு ஐந்தே மாதிரிகள், அதாவது 0.625 மில்லி நொடி, ஜி.729க்கு 10 மில்லி நொடி ஃபிரேமும் 5 மில்லி நொடி முன்னோக்கும் சேர்ந்து 15 மில்லி நொடி.

அப்படியிருந்தும் ஏன் இதை ஏற்றார்கள் என்றால், படத்தொலைபேசியில் தாமதத்தைத் தீர்மானிப்பது பேச்சு அன்று, படம். அந்தக் குறைந்த பிட்டில் படத்தைக் குறியாக்கி அனுப்புவதற்குப் பேச்சைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். உதட்டசைவும் குரலும் ஒத்துப்போக வேண்டுமானால் முன்கூட்டியே வந்த பேச்சைப் பிடித்து வைக்கத்தான் வேண்டும். எப்படியும் காத்திருக்கப்போகும் பேச்சுக்கு நீண்ட ஃபிரேம் கொடுத்து, அதன் பலனாகப் பிட்டை மிச்சப்படுத்தியது சரியான முடிவு. பிந்தைய காலத்தில் படமே இல்லாத வெறும் குரல் அழைப்புகளுக்கு இதே கோடெக்கைக் கொண்டுவந்தபோதுதான் அந்த 37.5 மில்லி நொடி ஒரு குறையாகத் தெரியத் தொடங்கியது. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குப் போதும் என்று ஜி.114 பரிந்துரை சொல்கிறது; அந்த 150இல் கால் பங்கு கோடெக்குக்கே போய்விட்டால் வலையமைப்புக்கு மிஞ்சுவது குறைவு.

யாரும் பேசாதபோதும் பிட்கள் செலவாகுமா?

தரநிலை ஆவணத்தோடு சேர்க்கப்பட்ட, இணைப்பு ஏ எனப்படும் கூடுதல் பகுதியைச் செயற்படுத்தினால் ஆகாது. பேச்சு இருக்கிறதா என்று கண்டறியும் ஒரு பகுதியும், பின்னணி இரைச்சலை மறுமுனையில் உருவாக்கும் ஒரு பகுதியும் அதில் உள்ளன. மௌனம் தொடங்கியதும் இரைச்சலின் தன்மையைச் சொல்லும் 4 பைட் ஃபிரேம் ஒன்று செல்கிறது. அந்தத் தன்மை மாறினால் மட்டுமே அடுத்தது செல்கிறது. மறுமுனையில் முழு நிசப்தத்தை வைக்காமல் இரைச்சலை உருவாக்குவதற்குக் காரணம், திடீரென எல்லாம் அடங்கினால் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்றே கேட்பவர் நினைத்துவிடுவார் என்பதுதான்.

பாக்கெட் தொலைந்தால் என்ன நடக்கும்?

தொலைந்த ஃபிரேமுக்குரிய வடிகட்டியை முந்தையதிலிருந்து நீட்டிக் கணித்து, முந்தைய ஒலி குரலுள்ளதாக இருந்தால் அதன் சுருதியைத் திரும்பவும், குரலற்றதாக இருந்தால் சீரற்ற இரைச்சலையும், ஒலியளவைப் படிப்படியாகக் குறைத்தபடி வைக்கிறது கேட்கும் முனையில் உள்ள மறுகுறியாக்கி. தொடர்ந்து மூன்று ஃபிரேம்கள் தொலைந்த பின் ஒலி முழுவதுமாக அடக்கப்படுகிறது. நீண்ட ஃபிரேமின் மறுபக்கம் இங்கே தெரியும்: ஒரே பாக்கெட் போனாலும் 30 மில்லி நொடிப் பேச்சு போகிறது, அது ஒரு குறுகிய மெய்யொலியை முழுமையாக விழுங்கப் போதும். மேலும், கெழுக்கள் முந்தைய ஃபிரேமைச் சார்ந்து சொல்லப்படுவதாலும், சுருதிப் பகுதி முந்தைய தூண்டலிலிருந்தே கட்டப்படுவதாலும், அடுத்த ஃபிரேம் நல்லபடியாக வந்தாலும் பழைய பிழையின் நிழல் சற்று நேரம் தொடர்கிறது.

ஐ.பி. வலையமைப்பில் உண்மையில் எவ்வளவு அலைவரிசை பிடிக்கும்?

பலர் தவறாகக் கணக்கிடும் இடம் இது. எச்.324இல் மோடம் ஓடைக்குள் பேச்சு நேரடியாகச் செல்கிறது. சேர்க்கப்படும் சுமை மிகக் குறைவு. ஐ.பி. வலையமைப்பிலோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐ.பி. ஹெடர் (முகவரி முதலிய விவரங்கள் கொண்ட முன்பகுதி) 20 பைட், யு.டி.பி. ஹெடர் 8 பைட், ஆர்.டி.பி. ஹெடர் 12 பைட், ஆக 40 பைட் சேர்கிறது. பேச்சு 24 பைட், ஹெடர் 40 பைட். 64 பைட் கொண்ட பாக்கெட் 30 மில்லி நொடிக்கு ஒன்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோபிட். 5.3 வீதத்துக்கு மாறினால் 60 பைட், 16 கிலோபிட். ஒலித்தரத்தை விட்டுக்கொடுத்துப் பெற்ற ஆயிரம் பிட், பேச்சைவிடக் கனமான ஹெடருக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது.

இதே கணக்கில் ஜி.729ஐ 20 மில்லி நொடிப் பாக்கெட்டில் வைத்தால் 24 கிலோபிட், ஜி.711ஐ வைத்தால் 80 கிலோபிட். ஆகவே 64க்கும் 6.3க்கும் உள்ள பத்து மடங்கு வேறுபாடு, கம்பியில் ஐந்து மடங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இரண்டு ஃபிரேம்களை ஒரே பாக்கெட்டில் அடைத்தால் 6.3 வீதத்தில் சுமார் 11.7 கிலோபிட் ஆகும். ஆனால் தாமதம் இன்னும் 30 மில்லி நொடி கூடும். ஒரு பாக்கெட் தொலைந்தால் 60 மில்லி நொடிப் பேச்சு போகும். இரு முனைக்கும் இடையே ஒற்றை மெதுவான இணைப்பு இருந்தால் ஹெடர் சுருக்கத்தைப் பயன்படுத்தி அந்த 40 பைட்டை 2 முதல் 4 பைட்டாகக் குறைக்கலாம், அங்கேதான் ஜி.723.1 தன் முழுப் பலனைத் தருகிறது. ஈதர்நெட் போன்ற அடியடுக்குகளின் சுமையை மேலே சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஒலித்தரம் எப்படி? ஜி.729உடன் ஒப்பிட முடியுமா?

வலையமைப்புத் திட்டமிடலுக்காக ஐ.டி.யு. ஒவ்வொரு கோடெக்குக்கும் ஒரு பாதிப்பு எண் வகுத்துள்ளது, ஜி.711க்கு அது 0, எண் கூடக்கூடத் தரம் குறைவு. 32 கிலோபிட் ஜி.726க்கும் 16 கிலோபிட் ஜி.728க்கும் 7, ஜி.729க்கு 10, ஜி.723.1இன் 6.3 வீதத்துக்கு 15, 5.3 வீதத்துக்கு 19, பழைய ஜி.எஸ்.எம். முழு வீதக் கோடெக்குக்கு 20. அதாவது 13 கிலோபிட் பிடித்த பழைய ஜி.எஸ்.எம். குரலைவிட, அதில் பாதிக்கும் குறைவான பிட்டில் ஜி.723.1 நன்றாகவே ஒலிக்கிறது, ஆனால் ஜி.729 தெளிவாக ஒரு படி மேலே நிற்கிறது. படம் இல்லாத ஐ.பி. அழைப்புக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், தாமதத்தையும் தரத்தையும் சேர்த்துப் பார்த்து ஜி.729ஐயே எடுக்கச் சொல்வேன்.

1997இல் இணையத் தொலைபேசிக்கான தொழில்துறை மன்றம் ஒன்று ஜி.723.1ஐயே இயல்புக் கோடெக்காகப் பரிந்துரைத்தது. மைக்ரோசாஃப்ட்டின் நெட்மீட்டிங் மென்பொருளிலும் அது இருந்தது. வீட்டு மோடம்களின் வேகத்தைப் பார்க்கையில் அன்றைக்கு அது நியாயமான தேர்வே.

தமிழ்ப் பேச்சு இதில் சிதையுமா?

வடிகட்டி, துடிப்பு, சுருதி எனக் கோடெக் பயன்படுத்தும் மாதிரி எந்த மொழிக்கும் உரியதன்று. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ழகரத்தை அடையாளம் காட்டும் முக்கியக் கூறான மூன்றாம் ஒத்ததிர்வின் (வாயின் வடிவம் வலுப்படுத்தும் அதிர்வெண்களுள் மூன்றாவதன்) இறக்கம் தொலைபேசியின் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே நிகழ்கிறது. பத்து கெழுக்கள் கொண்ட வடிகட்டி அதை விவரிக்கவல்லது. உண்மையில் இழப்பு நேர்வது ஸகரம் போன்ற உரசொலிகளில். அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் மாதிரி எடுக்கும்போதே வெட்டப்பட்டுவிடுகிறது. அது ஜி.723.1இன் குறை அன்று. குறும்பட்டைத் தொலைபேசி முழுமைக்கும், 64 கிலோபிட் ஜி.711க்கும் உரிய குறை.

இசை, விசை ஒலி, ஃபேக்ஸ் ஆகியவற்றை இதன் வழியே அனுப்பலாமா?

கூடாது. ஒரே தொண்டை, ஒரே சுருதி என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்ட கோடெக்குக்குள் பல சுருதிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசையைச் செலுத்தினால் அது கலங்கி ஒலிக்கும்; காத்திருப்பு இசை இப்படிக் கெடுவதைப் பலர் கேட்டிருப்பார்கள். எண் விசைகளின் இரட்டைச் சுருதி ஒலிகளைத் தானியங்கி அமைப்புகள் நம்பகமாக அடையாளம் காண முடியாது. அவற்றைத் தனி ஆர்.டி.பி. நிகழ்வுகளாக அனுப்ப வேண்டும். ஃபேக்ஸுக்கு டி.38 நெறிமுறை உண்டு. மோடம் ஒலியை வழக்கமாக ஜி.711இல் அனுப்புவார்கள்.

ஒரு கோடெக்கிலிருந்து இன்னொன்றுக்கு வழியில் மாற்றினால் பாதிப்பு உண்டா?

உண்டு, அது கூடிக்கொண்டே போகும். கைப்பேசியின் ஜி.எஸ்.எம். குரலை விரித்து ஜி.723.1ஆகவும், மறுபடி விரித்து வேறொன்றாகவும் மாற்றும் ஒவ்வொரு படியிலும், முந்தைய கோடெக்கின் பிழையையும் பேச்சென்று கருதி அடுத்தது குறியாக்க முயல்கிறது. மேலே சொன்ன பாதிப்பு எண்களைக் கூட்டிக்கொண்டு போனால் தோராயமான மதிப்பீடு கிடைக்கும். முனைக்கு முனை ஒரே கோடெக்கைப் பேசிவைப்பதே சரியான வழி.

இதைச் சொந்தமாகச் செயற்படுத்த விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?

பரிந்துரை ஆவணத்தோடு வரும் சி நிரலிலிருந்து. ஜி.723.1இன் விளக்கம் சொற்களிலும் சமன்பாடுகளிலும் மட்டும் இல்லை. 16 பிட் முழுவெண் கணக்கில் எழுதப்பட்ட நிரலே இறுதி விளக்கம். அதனுடன் சோதனைக் கோப்புகளும் உண்டு. உங்கள் செயற்படுத்தல் அந்தக் கோப்புகளுக்குத் தரும் வெளியீடு கடைசிப் பிட் வரை ஒத்துப்போக வேண்டும். “ஏறக்குறைய அதே ஒலி” என்பது ஏற்கப்படாது. மிதவைப்புள்ளிக் கணக்குக்கு இணைப்பு பி, கம்பியில்லா இணைப்பில் பிழைகாப்புக்கு இணைப்பு சி என்று தனிப் பகுதிகள் உள்ளன. பேச்சுக் குறியாக்கம் கற்கும் மாணவருக்கு இந்த நிரலை வரிவரியாகப் படிப்பதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை: முழுவெண் பெருக்கலில் எங்கே வழிந்தோடும், எங்கே நிரம்பலில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் பாடநூல்களில் கிடைப்பதில்லை. இணக்கம் மட்டும் போதும் என்போர் எஃப்.எஃப்.எம்பெக் என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்தில் இருப்பதைப் பயன்படுத்தலாம்.

காப்புரிமைக் கட்டணம் இன்னும் உண்டா?

தொடக்கக் காலத்தில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இதைச் சூழ்ந்திருந்தன. திறந்த மூல மென்பொருள்கள் இதை விரிக்காமல் அப்படியே கடத்தியதற்கு அதுவே காரணம். 1990களின் நடுப்பகுதியில் பதிவான காப்புரிமைகளுக்கு இருபதாண்டு ஆயுள் என்பதை மனத்தில் கொள்ளலாம். ஒப்பீட்டுக்கு, ஜி.729க்கான பெரும்பாலான உரிமங்கள் 2017 தொடக்கத்தோடு முடிந்தன. வணிகப் பொருளில் சேர்ப்பவர்கள் தம் நாட்டு நிலையைச் சட்ட வல்லுநரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

3ஜி கைப்பேசிப் படஅழைப்பிலும் இதே கோடெக்தானா?

முனையத் தரநிலை அதே குடும்பம்தான், எச்.324ஐ 3ஜியின் 64 கிலோபிட் இணைப்புக்கு ஏற்பத் தழுவியது 3ஜி-324எம். ஆனால் பேச்சுக்குக் கட்டாயமாக்கப்பட்டது ஏ.எம்.ஆர். 1999இல் ஏற்கப்பட்ட அந்தக் கோடெக் 4.75 முதல் 12.2 கிலோபிட் வரை எட்டு வீதங்களில், 20 மில்லி நொடி ஃபிரேமில் இயங்கும். கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த கோடெக்கையே படஅழைப்புக்கும் பயன்படுத்தியது இயல்பான முடிவு, ஜி.723.1 அங்கே விருப்பத்துக்குரியதாக மட்டும் நின்றது.

இன்று புதிதாக ஓர் அமைப்பைக் கட்டுபவர் எதை எடுக்க வேண்டும்?

இணையத்தில் என்றால் ஓப்பஸ். 2012இல் இணையத் தரநிலையான அது 6 முதல் 510 கிலோபிட் வரை இயங்குகிறது, பேச்சுக்கும் இசைக்கும் பொருந்துகிறது, 2.5 முதல் 60 மில்லி நொடி வரை ஃபிரேம் நீளத்தை மாற்றிக்கொள்கிறது. உலாவிகளின் நேரலைத் தொடர்பில் ஜி.711உடன் அதுவும் கட்டாயம். கைப்பேசி வலையமைப்பில் ஏ.எம்.ஆர். அகலப்பட்டையும், 2014இல் வந்த இ.வி.எஸ். கோடெக்கும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. 3 கிலோபிட்டை ஒட்டிய வீதத்துக்கு இறங்க வேண்டியவர்கள் கோடெக்2 போன்ற முறைகளையோ, 2021இல் கூகுள் வெளியிட்ட லைரா போன்ற நரம்புவலைக் கோடெக்குகளையோ பரிசீலிக்கலாம்.

ஜி.723.1 தேவைப்படுவது, மறுமுனையில் அதை மட்டுமே அறிந்த பழைய கருவி இருக்கும்போதுதான். அப்போது 6.3 வீதத்தையே வையுங்கள், ஐ.பி. வழியில் 5.3ஆல் மிச்சமாவது மிகச் சொற்பம். மறுமுனை இணைப்பு ஏ-வை ஆதரிக்கிறதா என்று அழைப்பு அமைக்கும்போதே பேசித் தெளிவுபடுத்துங்கள். ஆதரிக்காத கருவிக்கு 4 பைட் மௌன ஃபிரேமை அனுப்பினால் அது அதைச் சிதைந்த பேச்சாக ஒலிக்க நேரிடும்.